துணைக்கரம்

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவரின் படத்தை நாளிதழில் காணும்போது நம் கண்ணுக்கு ஒரு முகமே தெரிகிறது. அம்முகத்திற்குப் பின்னே நின்ற கைகளைப் படம் காட்டுவதில்லை. சறுக்கு விளையாட்டில் அக்கைகளை நேரே காணலாம். ஒருவர் மற்றொருவரைத் தூக்குவதும், ஒருவர் மற்றொருவரைத் தள்ளிவிடுவதும் அவ்விளையாட்டின் முறைகளாகவே அமைந்துள்ளன. உருசிய நாட்டு வீராங்கனை ஒருவரையும் சென்னை வீரர் ஒருவரையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம். ஒருவர் பனித்தரையில் சறுக்கியவர். மற்றவர் சக்கரத்தில் விரைபவர். இருவருடைய வாழ்விலும் பிறர் கரம் என்ன செய்தது என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

1. பனித்தரையும் சக்கரமும்

மாணவர்களே! தம்பானூர்ப் பேருந்து நிலையத்திலும் அதற்கு எதிரேயுள்ள தொடர்வண்டி நிலையத்திலும் சக்கரம் வைத்த பயணப் பெட்டிகளை இழுத்துச் செல்வோரைக் கண்டிருப்பீர்கள். வழவழப்பான தரையில் ஒரு விரலால் தள்ளினாலும் பெட்டி உருண்டோடும். சொரசொரப்பான தார்ச்சாலைக்கு வந்தவுடன் அதே பெட்டி தடதடவென்று அதிர்ந்து, கையை இழுக்கும். தரைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உராய்வே இதற்குக் காரணம். உராய்வு குறையக் குறைய இயக்கம் எளிதாகிறது. ஆனால் நிற்பது கடினமாகிறது. சறுக்கு விளையாட்டின் இன்பமும் இடரும் இந்த ஓர் உண்மையில் அடங்கியுள்ளன.

குளிர்நாடுகளில் ஏரியும் குளமும் உறைந்து பனித்தரையாகும். அங்குள்ள மக்கள் காலணியின் அடியில் மெல்லிய எஃகுத் தகட்டைப் பொருத்திக்கொண்டு அத்தரைமேல் சறுக்கினர். நாளடைவில் அது இசைக்கேற்ப ஆடும் கலைச்சறுக்காகவும், விரைந்து செல்லும் வேகச்சறுக்காகவும் வளர்ந்தது. நம்மைப் போன்ற வெப்பநாட்டினருக்கு உறைந்த ஏரி ஏது? எஃகுத் தகட்டின் இடத்தில் சக்கரங்கள் வந்தன. காலணியின் கீழ் ஒரே வரிசையில் மூன்று அல்லது நான்கு சக்கரங்களைப் பொருத்தினால் சிமெண்டுத் தரையே பனித்தரையாகிவிடுகிறது. இதனைச் சக்கரச்சறுக்கு என்கிறோம்; பேச்சு வழக்கில் ஸ்கேட்டிங் என்பர். இதிலும் கலைச்சறுக்கு, வேகச்சறுக்கு என்னும் இருபிரிவுகள் உண்டு.

கலைச்சறுக்கில் தனியாக ஆடுவது ஒரு வகை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையை இணைச்சறுக்கு என்பர். இணைச்சறுக்கில் ஆண் தன் துணைவியைத் தலைக்கு மேலே தூக்கியபடி சறுக்குவான், காற்றில் எறிவான், எறியப்பட்டவள் சுழன்று ஒற்றைக் காலில் தரையிறங்குவாள். இருவரும் ஒரே நொடியில் எழும்பி ஒரே நொடியில் இறங்கவேண்டும். இக்கலையில் நெடுங்காலம் முதலிடம் வகித்த நாடு உருசியா. 1964 முதல் 2006 வரை நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அனைத்திலும் சோவியத் அல்லது உருசிய இணையர் இணைச்சறுக்கில் தங்கம் பெற்றனர். இடையில் 2002ஆம் ஆண்டில் மட்டும் அத்தங்கம் கனடா நாட்டு இணையருடன் பகிர்ந்தளிக்கப்பட்டது.

2. தூக்கிய கை தவறியபோது

அந்த நீண்ட வரிசையில் இறுதியாக நின்றவர்கள் தத்தியானா தொத்மியானினாவும் மாக்சிம் மாரினினும் ஆவர். தத்தியானா 1981ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பெர்ம் நகரில் பிறந்தார். யூரல் மலைத்தொடருக்கு அருகிலுள்ள அந்நகரில் குளிர்காலம் நீண்டது. முதலில் தனியாகச் சறுக்கி வந்த அவர், 1996ஆம் ஆண்டில் மாக்சிமுடன் இணைசேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14. மாக்சிம் அவரைவிட நான்கு வயது மூத்தவர்.

இணைசேர்ந்தவுடன் வெற்றி வந்துவிடவில்லை. இருவரும் பல ஆண்டுகள் உழைத்தனர். 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் நகர ஒலிம்பிக்கில் அவர்களுக்குக் கிடைத்தது நான்காம் இடம். பதக்கத்திற்கு ஒரு படி கீழே நிற்பது எத்துணை வருத்தம் தரும் என்பது போட்டியில் நின்றவர்க்கே தெரியும். அவர்கள் மனம் தளரவில்லை. 1984இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒலெக் வசீலியெவ் என்பவரிடம் பயிற்சி பெற்று, 2004ஆம் ஆண்டில் உலக வாகையர் ஆயினர்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு போட்டி நடந்தது. மாக்சிம் வழக்கம்போல் தத்தியானாவைத் தலைக்கு மேலே தூக்கினார். அந்நொடியில் அவருடைய நிலை தடுமாறியது. இருவரும் விழுந்தனர். உயரத்திலிருந்து விழுந்த தத்தியானாவின் தலை பனித்தரையில் மோதியது. அவர் நினைவிழந்தார். தூக்குப் படுக்கையில் வைத்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அரங்கமே உறைந்து நின்றது.

நற்பேறாகத் தத்தியானாவின் உயிருக்கு இடர் நேரவில்லை. அவர் விரைவில் உடல்நலம் தேறினார். ஆனால், காயம் அவருக்கு மட்டுமா ஏற்பட்டது? விழுந்தவரின் காயம் வெளியே தெரிந்தது. தவறவிட்டவரின் காயம் உள்ளே இருந்தது. மீண்டும் அவரைத் தூக்கவேண்டும் என்று எண்ணும்போதே மாக்சிமுக்கு அச்சம் எழுந்தது. விழுந்தவரைவிடத் தவறவிட்டவருக்கே தேறுதல் கடினமாயிற்று.

இங்கேதான் தத்தியானாவின் பெருமை விளங்குகிறது. அவர் வேறொரு துணைவரைத் தேடவில்லை. தம்மைத் தவறவிட்ட அதே கையில் மீண்டும் தம் உடலை ஒப்படைத்தார். ஏறத்தாழ மூன்று மாதங்களில், 2005ஆம் ஆண்டு சனவரியில், இத்தாலியின் டுரின் நகரில் நடந்த ஐரோப்பிய வாகையர் போட்டியில் இருவரும் சேர்ந்து தங்கம் வென்றனர். அதே ஆண்டு மார்ச்சில் மாஸ்கோவில் மீண்டும் உலக வாகையர் ஆயினர். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே டுரின் நகரில், ஒலிம்பிக் தங்கமும் பெற்றனர்.

தவறு செய்தவரை வெறுப்பது எளிது. அவரை மீண்டும் நம்புவதற்குத் துணிவு வேண்டும். அந்நம்பிக்கை தத்தியானாவுக்கு ஒரு பதக்கத்தைத் தந்தது. மாக்சிமுக்கோ இழந்த துணிவையே திருப்பித் தந்தது.

3. வெப்பநாட்டின் முதல் இணை

நம் நாட்டிலும் இணைச்சறுக்கு உண்டு. ஆனால் அது சக்கரத்தின் மேல் நிகழ்வது. 2010ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சக்கரச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதன் இணைச்சறுக்குப் பிரிவில் அனுப் குமார் யாமா, அவனி பஞ்சால் ஆகிய இருவரும் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்தனர். அனுப் குமார் தனிப்பிரிவிலும் வெண்கலம் வென்றார். 2015ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. பனி இல்லாத நாடும் சறுக்கில் நிற்க முடியும் என்பதை அப்பதக்கங்கள் காட்டின.

கலைச்சறுக்கில் தொடங்கிய அவ்வெற்றி, பின்னர் வேகச்சறுக்கில் தொடர்ந்தது. அதில் முன்னின்றவர் ஒரு தமிழ் இளைஞர்.

4. சென்னை இளைஞர்

ஆனந்த்குமார் வேல்குமார் 2003ஆம் ஆண்டில் பிறந்தவர், சென்னையைச் சேர்ந்தவர். மட்டைப்பந்து ஆட்டத்தைப் பற்றி நாள்தோறும் பேசும் நம் நாட்டில், வேகச்சறுக்கைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இது கோடைக்கால ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டு. ஆகவே புகழும் பொருளும் எதிர்பார்த்து இதற்கு வருவோர் குறைவு. விரைவின்மீது கொண்ட விருப்பமே இதில் ஒருவரை நிறுத்தி வைக்கிறது.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கொலம்பியா நாட்டின் இபாகே நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. கொலம்பியா வேகச்சறுக்கில் உலகப் புகழ் பெற்ற நாடு. அங்கு இளையோருக்கான 15 கிலோமீட்டர் வெளியேற்றுப் பந்தயத்தில் ஆனந்த்குமார் கலந்துகொண்டார். வெளியேற்றுப் பந்தயத்தில், குறிப்பிட்ட சுற்றுகளில் கடைசியாக வருபவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். முடிவுக்கோடு வரட்டும், அப்போது விரைந்துகொள்ளலாம் என்று யாரும் மெத்தனமாக இருக்க முடியாது. ஒவ்வொரு சுற்றும் ஒரு முடிவுக்கோடே. அப்பந்தயத்தில் 18 வயது ஆனந்த்குமார் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். உலக வேகச்சறுக்குப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது.

5. ஒரு சாணுக்கும் குறைவான தொலைவு

2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் சறுக்குப் பந்தயம் நடந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் தொடரோட்டம் பார்த்திருப்பீர்கள். அதில் ஓடி வருபவர் அடுத்தவர் கையில் ஒரு கோலைத் தருவார். சறுக்குப் பந்தயத்தில் கோல் இல்லை. தம் முறையை முடித்து வருபவர், அடுத்தவரின் முதுகில் கை வைத்துத் தம் விரைவு முழுவதையும் சேர்த்து அவரை முன்னே தள்ளிவிடுவார். களைத்தவரின் கடைசி ஆற்றல் புதியவரின் முதல் ஆற்றலாகிறது. அந்தத் தள்ளல் சிறிது முந்தினாலும் பிந்தினாலும் இருவரும் இடறி விழ நேரும்.

அன்று முதலில் மகளிர் அணி வெண்கலம் வென்றது. சஞ்சனா பதுலா, கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரிராஜ் ஆகியோர் அவ்வணியினர். இவர்களுள் ஆரத்தி சென்னையைச் சேர்ந்தவர். அடுத்து ஆடவர் பந்தயம் தொடங்கியது. ஆனந்த்குமார், ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்களே ஆகியோர் இந்திய அணியினர். வெவ்வேறு மொழி பேசும் இளைஞர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து விரைந்தனர். 4 நிமிடம் 10.128 நொடியில் அவர்கள் முடிவுக்கோட்டைக் கடந்து வெண்கலம் பெற்றனர்.

அதே பந்தயத்தில் அவர்களுக்கு முன்னே, உலகமே வியந்து பார்த்த ஒரு நிகழ்ச்சி நடந்தது. தென்கொரிய அணி முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் இறுதி வீரர் ஜங் சொல்-வொன் முடிவுக்கோட்டை நெருங்கினார். வெற்றி தமதே என்று எண்ணி, கோட்டைக் கடப்பதற்குச் சற்று முன்னரே மகிழ்ச்சியால் இரு கைகளையும் உயர்த்தினார். அவருக்குப் பின்னே வந்த சீன தைபே வீரர் ஹுவாங் யூ-லின் இறுதி நொடிவரை முயற்சியைக் கைவிடவில்லை. கோட்டை நோக்கித் தம் காலை நீட்டினார். கருவி காட்டிய நேரம் இது: சீன தைபே 4 நிமிடம் 5.692 நொடி, தென்கொரியா 4 நிமிடம் 5.702 நொடி. நூறில் ஒரு பங்கு நொடியில் தங்கம் கைமாறியது.

நூறில் ஒரு பங்கு நொடி என்பது எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். 3000 மீட்டரை ஏறத்தாழ 246 நொடியில் கடந்தால், ஒரு நொடிக்குச் சுமார் 12 மீட்டர் ஆகிறது. அதில் நூறில் ஒரு பங்கு 12 சென்டிமீட்டர். உங்கள் கையை விரித்து அளந்தால் ஒரு சாண்கூட இல்லை! 3000 மீட்டர் உழைப்பின் பயன் ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில் நழுவியது.

தென்கொரிய இளைஞர்க்குப் படைப்பணி கட்டாயம். ஆசிய விளையாட்டில் தங்கம் வெல்வோர்க்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவ்வாய்ப்பும் அன்று கைநழுவியது. அந்த வீரர் தம் தோழரிடமும் மக்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தனிப் பந்தயத்தில் ஒருவர் தவறினால் இழப்பு அவருக்கு மட்டுமே. தொடர் பந்தயத்தில் அந்த இழப்பை அணியினர் அனைவரும் சுமக்கின்றனர். முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டவர்களின் உழைப்பு முழுவதும் இறுதியில் நிற்பவரின் பொறுப்பாகிறது. அவர் தமக்காக மட்டும் ஓடவில்லை. ஆகவே கோட்டைக் கடக்கும்வரை அவர் ஓய்வதற்கில்லை.

6. தனியே நின்றபோதும்

2025ஆம் ஆண்டு ஆனந்த்குமாரின் வாழ்வில் பொன்னான ஆண்டு. ஆகஸ்டு மாதம் சீனாவின் செங்டு நகரில் உலக விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத பல விளையாட்டுகளுக்காக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் போட்டி இது. அதில் 1000 மீட்டர் பந்தயத்தில் அவர் வெண்கலம் பெற்றார்.

அடுத்த மாதம் சீனாவின் பெய்தாய்ஹே நகரில் உலக வேகச்சறுக்கு வாகையர் போட்டி நடந்தது. முதலில் 500 மீட்டர் பந்தயத்தில் ஆனந்த்குமார் 43.072 நொடியில் வந்து வெண்கலம் பெற்றார். பின்னர் 1000 மீட்டர் பந்தயத்தில் 1 நிமிடம் 24.924 நொடியில் முதலாவதாக வந்தார். வேகச்சறுக்கில், மூத்தோர் பிரிவில், உலக வாகையர் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 22. அன்று அவர் சென்ற விரைவு மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். நகரச் சாலையில் செல்லும் பேருந்தின் விரைவு அது. வேறுபாடு என்னவெனில், அவரைச் சுற்றிப் பேருந்தின் இரும்புச் சுவர் இல்லை. தலையில் ஒரு கவசமும் காலில் சில சக்கரங்களுமே இருந்தன.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் நெடுந்தொலைவுப் பந்தயத்திலும் தங்கம் வென்றார். குறுந்தொலைவுக்கு வெடித்தெழும் ஆற்றல் வேண்டும். நெடுந்தொலைவுக்குப் பொறுத்து நிற்கும் ஆற்றல் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடம் அமைவது அரிது.

நெடுந்தொலைவுப் பந்தயத்தில் ஒரு நுட்பம் உண்டு. வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வர். முன்னே செல்பவர் எதிர்க்காற்றைத் தாங்குவார்; பின்னே வருபவர் அவர் நிழலில் சிறிது ஆற்றலைச் சேமிப்பார். எப்போது பின்னே இருப்பது, எப்போது முன்னே வருவது என்று தெரிந்தவரே வெல்வர். தனிப் போட்டி என்று நாம் சொல்லும் பந்தயத்திலும் பிறரைச் சார்ந்து நிற்கும் நேரமும், பிறருக்காகக் காற்றைத் தாங்கும் நேரமும் உண்டு.

7. நம் வீட்டுத் தொடர் பந்தயம்

மாணவர்களே! பெர்ம் நகரும் ஹாங்சோவும் நமக்குத் தொலைவானவை. ஆயினும் நாம் கண்ட கரங்கள் நம் அருகிலும் உள்ளன.

உங்களுள் பலருடைய குடும்பத்தினர் நாகர்கோயில், தென்காசி, திருநெல்வேலி, மதுரை போன்ற ஊர்களிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்தவர்கள். முதலில் வந்தவர்க்கு வழி தெரியாது. மொழி முழுவதும் தெரியாது. வாடகை வீடு கிடைப்பதும் அரிது. அவர் தட்டுத் தடுமாறி நிலைபெற்றார். பின்னர் ஊரிலிருந்து வந்த தம்பிக்கும் மைத்துனருக்கும் அண்டைவீட்டாருக்கும் தங்க இடம் தந்தார். வேலை தேடித் தந்தார். எந்தப் பேருந்து எங்கே செல்லும் என்று சொல்லித் தந்தார். தம் விரைவைச் சேர்த்து அடுத்தவரை முன்னே தள்ளிவிட்டார். அது நம் வீட்டுத் தொடர் பந்தயம். அதன் இப்போதைய சுற்று உங்கள் முறை.

மொழியும் அவ்வாறே. பாட்டி தாய்க்குத் தந்த தமிழைத் தாய் உங்களுக்குத் தந்தார். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் மலையாளமும் பேசும் உங்களுக்கு வீட்டுத் தமிழை எழுதவும் படிக்கவும் கற்பது சில நாள்களில் சுமையாகத் தோன்றலாம். எழுத்துப் பிழை வரலாம், சொல் தவறலாம். பிழை செய்த தம்பியையோ தங்கையையோ நகைத்து ஒதுக்காதீர்கள். தத்தியானா தம் துணைவரை மீண்டும் நம்பியதுபோல, அவர்களிடம் மீண்டும் ஒரு சொல்லைக் கேளுங்கள். மீண்டும் ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு முறை தவறிய கை, நம்பிக்கை கிடைத்தால், அடுத்த முறை உறுதியாகப் பிடிக்கும்.

அருஞ்சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
வாகையர் – வெற்றியாளர், சாம்பியன்
இணையர் – சேர்ந்து ஆடும் இருவர்
நற்பேறு – நல்ல வாய்ப்பு, அதிர்ஷ்டம்
மெத்தனம் – கவலையின்றிச் சோம்பி இருத்தல்
இடர் – துன்பம், ஆபத்து
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரை உள்ள நீளம்
எதிர்க்காற்று – செல்லும் திசைக்கு எதிராக வீசும் காற்று

மொழித்திறன்: 'கை' தரும் தொடர்கள்

தமிழில் 'கை' என்னும் சொல் வினையோடு சேர்ந்து புதிய பொருள்களைத் தருகிறது. கீழ்வருவனவற்றைப் படித்து, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

கைகொடுத்தல் – உதவுதல்
கைவிடுதல் – ஆதரவின்றி விட்டுவிடுதல், முயற்சியை நிறுத்துதல்
கைகூடுதல் – எண்ணியது நிறைவேறுதல்
கைநழுவுதல் – கிடைக்க இருந்தது தவறிப்போதல்
கைமாறுதல் – ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லுதல்
கைவருதல் – பயிற்சியால் திறமை அமைதல்
கைதூக்கிவிடுதல் – தாழ்ந்தவரை முன்னேறச் செய்தல்

அறிந்துகொள்க: மலையாளத்திலும் 'கை' என்றே வழங்குகிறது. தமிழில் 'துணை' என்பது மலையாளத்தில் 'துண' என வரும். இரு மொழிகளிலும் ஒத்து வரும் வேறு ஐந்து சொற்களைத் திரட்டி எழுதுக.

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. பனித்தரை
2. துணைக்கரம்
3. வெண்கலம்
4. அவ்வாய்ப்பு
5. எதிர்க்காற்று

ஆ. சரியா, தவறா எனக் கூறுக. தவறாயின் திருத்தி எழுதுக.
1. தத்தியானா விபத்திற்குப் பின் வேறொரு துணைவருடன் சறுக்கினார்.
2. தொடர் சறுக்குப் பந்தயத்தில் வீரர்கள் கோலைக் கைமாற்றுவர்.
3. ஆனந்த்குமார் தம் முதல் உலகப் பதக்கத்தைக் கொலம்பியாவில் பெற்றார்.
4. குவாங்சோவில் இந்தியா இணைச்சறுக்கில் வெண்கலம் பெற்றது.

இ. ஓரிரு வாக்கியங்களில் விடை எழுதுக.
1. உராய்வு குறைந்தால் எது எளிதாகிறது? எது கடினமாகிறது?
2. வெளியேற்றுப் பந்தயம் என்றால் என்ன?
3. தென்கொரிய வீரர் முடிவுக்கோட்டிற்கு முன் செய்தது என்ன?
4. நெடுந்தொலைவுப் பந்தயத்தில் முன்னே செல்பவர் எதைத் தாங்குகிறார்?

ஈ. பத்து வாக்கியங்களில் விடை எழுதுக.
1. 'விழுந்தவரின் காயம் வெளியே தெரிந்தது. தவறவிட்டவரின் காயம் உள்ளே இருந்தது.' இவ்வரிகளைப் பாடத்தின்வழி விளக்குக.
2. தனிப் பந்தயத்திற்கும் தொடர் பந்தயத்திற்கும் பொறுப்பில் உள்ள வேறுபாட்டை ஹாங்சோ நிகழ்ச்சியைக் கொண்டு எழுதுக.

உ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் தத்தியானாவின் இடத்தில் இருந்தால் மாக்சிமிடம் முதலில் என்ன கூறியிருப்பீர்கள்? மாக்சிம் என்ன மறுமொழி கூறியிருப்பார்? அதனை எட்டு வரி உரையாடலாக எழுதுக.

ஊ. செயல்பாடு
1. திருக்குறளில் 'நட்பு' என்னும் 79ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். உடை நழுவும்போது விரைந்து உதவும் கையை வள்ளுவர் உவமையாகக் காட்டும் குறளைக் கண்டறிந்து, பொருளுடன் எழுதி வாருங்கள். அவ்வுவமை இப்பாடத்தின் எந்நிகழ்ச்சிக்குப் பொருந்தும் என்பதையும் குறிப்பிடுக.
2. உங்கள் குடும்பத்தில் திருவனந்தபுரத்திற்கு முதன்முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தார்? அவருக்கு இங்கே கைகொடுத்தவர் யார்? அவர் யாருக்குக் கைகொடுத்தார்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, தொடர் பந்தயம்போல் வரிசையாக எழுதுக. கடைசி வரியில் உங்கள் பெயரை எழுதி, அதன்கீழ் ஒரு கோட்டினை நிரப்பாமல் விடுக.